விஷம் என்று நான் சொன்ன மஞ்சள் கரு

போன வாரம், என்னிடம் உணவு ஆலோசனைப் பயிற்சி பெற்ற உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அரசாங்கத்தின் புதிய உணவு வழிகாட்டிப் புத்தகம் வந்திருக்கிறதாம். போன வருஷம் வரை நோயாளிகளுக்குச் சொல்லிவந்த சிலவற்றை இப்போது மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதாம். ஒரு பெரியவர், "நீங்களே ஒண்ணு சொல்லுவீங்க, அப்புறம் நீங்களே மாத்துவீங்க. எங்க வயிறு என்ன உங்க வெள்ளோட்டத்துக்கா இருக்குது?" என்று வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். "மேடம், நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டிருப்பாள். ஆனால் நான் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நாமக்கல் பக்கம் அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். "சாப்பாட்டு டாக்டரம்மா" என்றுதான் எனக்குப் பெயர். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நான் வாங்காத மாதமே கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. அப்போது பசிதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த பெரிய நோய். அதனால் அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் உடம்புக்குத் தெம்பு தருபவை என்ற வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன. பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே மூன்றையும் குறைக்கச் சொல்லி அடுத்த படம் வந்தது. தேங்காயை ஒதுக்கச் சொன்னோம். சூரியகாந்தி எண்ணெயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். அப்புறம் ஒரே எண்ணெயைப் பிடித்துத் தொங்க வேண்டாம், மாற்றி மாற்றிச் சேருங்கள் என்றார்கள். அதையும் சொன்னோம். ராகியும் கம்பும் ஒரு காலத்தில் படத்தின் மூலையில் பொட்டு மாதிரி இருக்கும், இப்போது நட்டநடுவில் இருக்கின்றன. முட்டையின் மஞ்சள் கருவுக்கும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு சமயம் வாரத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுத்தோம். இதயநோய்க்காரர்களுக்கு அதைவிடக் கெடுபிடி. பிற்பாடு அந்தக் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது.

புத்தகம் மாறுவது குற்றம் இல்லை. புதிதாகத் தெரிந்ததைச் சேர்க்காத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புத்தகம் மாறியதால் நான் ஒரு நாளும் தலைகுனிந்ததில்லை. தலைகுனிந்தது என் வாயால். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது, இனி யார் என்னை என்ன செய்ய முடியும்?

பழனிசாமி மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். ஒரு நாள் காலையில் தீவன மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் ரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்து அனுப்பினார்கள். தொடர்ந்து மாத்திரை வாங்கவும் பரிசோதனைக்கும் எங்களிடம் வந்தார். கூடவே அவர் மனைவி ராசம்மாள். ஐந்தாவது வரை படித்தவர். வீட்டுக்காரர் பிழைத்து வந்த அதிர்ச்சி இன்னும் முகத்தில் இருந்து போகவில்லை.

அன்று எனக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மதியம் ஆகிவிட்டது, பசி வேறு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொல்வதைச் சுருக்கென்று தைக்கிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அப்படிச் சொன்னால்தான் மறக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. சக ஊழியர்களும் என் பேச்சைப் பாராட்டிப் பாராட்டிக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

"முட்டையுமா வேண்டாங்கறீங்க? நாங்க முட்டையிலதானுங்க பொழைக்கறோம்" என்றார் பழனிசாமி.

"வெள்ளைக்கரு சாப்பிடுங்க. மஞ்சக்கருவைத் தொடாதீங்க."

"கொஞ்சூண்டுங்க?"

"மஞ்சக்கருவை விஷம்னு நினைச்சுக்குங்க. விஷத்துல கொஞ்சம், நெறையன்னு உண்டா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இதயநோய்க்கான அச்சடித்த உணவுச் சீட்டில் மஞ்சள் கரு என்ற இடத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். தேங்காய், நிலக்கடலை, நெய், ஈரல் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு மைதான். ராசம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஊட்டுல இருக்கற மத்தவங்களும் இப்படியே தின்னலாங்களா? ரெண்டு விதமா ஆக்கறதுன்னா..." என்று இழுத்தார்.

நான் அடுத்தவரின் சீட்டை எழுதத் தொடங்கியிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா. எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டா அவருக்கும் ஏக்கமா இருக்காது" என்றேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். பிரசவ வார்டில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கண்டிப்பானவர், வாழ்த்தினாலும் திட்டுகிற மாதிரியே இருக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவர் என்னிடம் அனுப்பினார். பெயர் கோகிலா, வயது இருபத்திரண்டு. லாரி ஓட்டும் கணவர் மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். ரத்தம் எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. சத்து மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை. ஸ்கேனில் குழந்தை இருக்க வேண்டிய அளவைவிடச் சின்னதாக இருந்தது. இன்னும் நாலு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் சேலத்துக்கு அனுப்புவதாக டாக்டரம்மா எழுதியிருந்தார்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்று கோகிலா கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு வந்திருந்தாள். அவள் கையைக் கோகிலா விடவே இல்லை.

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கீரை வாரம் இரண்டு முறை. பால் ஒரு டம்ளர். பருப்பு உண்டு. முட்டை?

"தெனமும் மூணுங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் மூன்று முட்டை சாப்பிடுகிற கர்ப்பிணிக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல முடியும்? "உணவு திருப்திகரம்" என்று எழுதி டாக்டரம்மாவிடமே திருப்பி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணு முட்டை தின்னுற பொண்ணு இப்படியா வெளுத்துப்போய் இருப்பா? அவ பொய் சொல்றாளா, இல்ல நீ சரியாக் கேக்கலையா?"

"சாப்பிடுறேன்னு அவளே சொல்றா டாக்டர்."

"தட்டுல என்ன இருந்துச்சுன்னு கேட்டே. அடுப்புல என்ன நடக்குதுன்னு கேட்டியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷ அனுபவசாலியை நர்ஸ்கள் முன்னால் வைத்து இப்படிக் கேட்டுவிட்டாரே என்று. அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் காலையில் கோகிலாவின் அட்டையில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு மோகனூர் பஸ் ஏறினேன். அக்கறையால் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அந்த டாக்டரம்மாவின் முகத்தில் கரி பூச வேண்டும் என்றுதான் போனேன்.

பண்ணையை ஒட்டி, தென்னந்தோப்புக்குள் நாலைந்து வீடுகள். விசாரித்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். உள்ளே இருந்து வந்த பெண்மணி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"வாங்க, வாங்க டாக்டரம்மா! ஏனுங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க! உங்க உசுரக் காப்பாத்துன மகராசி ஊடு தேடி வந்திருக்காங்க!"

ராசம்மாள்! கோகிலா அவருடைய மருமகள். பின்னால் பழனிசாமி வந்தார். ஆள் இளைத்து, நடை லேசாகி, நன்றாக இருந்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, சுவரைப் பார்க்கும் வரை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் சீட்டு தொங்கியது. மோகனூரில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள், குங்குமம். சிவப்பு மைக் குறிகள் கொஞ்சமும் மங்கவில்லை.

ராசம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு முட்டைப் பொரியல் செய்துகொண்டிருந்தார். நானும் சமையலறை வாசலில் போய் நின்றேன். பண்ணையில் ஓடு கீறிய முட்டைகளை விற்பனைக்கு அனுப்ப மாட்டார்கள், வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அந்த வீட்டிலும் ஒரு அட்டை நிறைய இருந்தது. ராசம்மாள் ஒவ்வொன்றாக உடைத்தார். வெள்ளைக் கரு சட்டியில் விழுந்தது. மஞ்சள் கரு முழுசாக ஒரு அலுமினியக் கிண்ணத்துக்குப் போனது. அத்தனை நேர்த்தியாகப் பிரிக்க எனக்கு வராது. முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே ஒரு நாய் காத்திருந்தது. அப்படி ஒரு நாயை நான் அந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும் ரோமம், உருண்டு திரண்ட உடம்பு. அந்த வீட்டில் என் சீட்டால் சதை போட்டது அது மட்டும்தான்.

"ராசம்மா, மஞ்சக்கருவெல்லாம் நாய்க்கா?"

"விஷமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. மொதல்ல குழி தோண்டித்தான் ஊத்துனேன். இது மோப்பம் புடிச்சுத் தோண்டித் தின்னுருச்சு. ஒண்ணும் ஆகலீங்க, அதும்பாட்டுக்கு நல்லாத்தான் இருக்குது."

"கோகிலாவுக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தானுங்க. நீங்களே ஒண்ணாத் தின்னச் சொன்னீங்க. மாசமா இருக்கற புள்ளைக்குப் போய் விஷத்தக் குடுப்பமுங்களா?"

மஞ்சள் கரு மட்டுமா? சுற்றிலும் தென்னை நிற்கிற வீட்டில் ஒன்றரை வருஷமாகத் தேங்காய் உடைக்கவில்லை. நிலக்கடலை இல்லை, நெய் இல்லை, ஈரல் இல்லை. எண்ணெய் கண்ணில் காட்டிய அளவுதான். ஐம்பது வயதைத் தாண்டிய நோயாளிக்கு எழுதிய சீட்டை வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி அச்சுப்பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஊராக இருந்திருந்தால் விலை கொடுத்து வாங்கிப் பாதியைக் கொட்டுவானேன் என்று முட்டை வாங்குவதையே நிறுத்தியிருப்பார்கள். "முட்டை இல்லை" என்று என் தாளில் பதிவாகியிருக்கும், நானும் முழித்துக்கொண்டிருப்பேன். இந்தக் கோழிப்பண்ணை ஊரில் முட்டை வருவது நிற்பதே இல்லை. அதனால் நான் கேட்டதற்கு அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். என் பைக்குள் அப்போது வந்திருந்த புது வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. முட்டை விஷயத்தில் முன்பு இருந்த கெடுபிடியைத் தளர்த்தியிருந்தார்கள். அதை எடுத்து நீட்டி, "அரசாங்கம் மாத்திட்டாங்க, இனிமே எல்லாரும் முழு முட்டை சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும். ராசம்மாளுக்குக் குற்ற உணர்ச்சி வராது. எனக்கும் மானம் போகாது. அரசாங்கம் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதை நம்பாதவர்கள் உண்டா? புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தேவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன்.

கோகிலா கதவில் சாய்ந்து நின்று என் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தில் கர்ப்பிணிகளுக்கான பக்கத்தில் முழு முட்டைதான் இருந்தது. ஆனால் பழைய புத்தகத்திலும் அதுதான் இருந்தது. அந்தப் பக்கம் மாறவே இல்லை. பழியை நான் புத்தகத்தின் மேல் போட்டால், தன்னை வெளுக்க வைத்தது அரசாங்கப் புத்தகம்தான் என்று இவள் வாழ்நாள் முழுக்க நம்புவாள். இவள் போடும் சத்து மாத்திரையும் அந்தப் புத்தகத்தில் இருந்துதான் வருகிறது. பழனிசாமியின் நெஞ்சு மாத்திரையையும் அடுத்து நம்ப மாட்டார்கள். புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"ராசம்மா, கொஞ்சம் உக்காருங்க. தப்பு எம்மேல. கர்ப்பிணிக்கு மஞ்சக்கரு வேணும். அன்னைக்கும் வேணும், இன்னைக்கும் வேணும். வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேக்காம நான் எல்லாருக்கும் ஒரே சீட்டைக் குடுத்துட்டேன். அவருக்கும்கூட விஷம்னு புத்தகத்துல போடல. குறைக்கச் சொல்லித்தான் போட்டிருந்துச்சு. விஷம்ங்கறது என் வாயில இருந்து வந்த வார்த்தை."

அடுப்பில் பொரியல் தீய ஆரம்பித்தது, கோகிலாதான் போய் அணைத்தாள். பழனிசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு விஷமுன்னீங்க. இன்னைக்குச் சத்துங்கறீங்க. நாளைக்கு வந்து என்னுங்க சொல்லுவீங்க?"

"நாளைக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுவேனுங்க. அளவு கூடும், குறையும். ஆராய்ச்சி பண்றவங்க புதுசு புதுசாக் கண்டுபிடிப்பாங்க. அன்னைக்கு நான் உங்களுக்கு அளவைச் சொல்லியிருக்கணும். மறந்துருவீங்கன்னு பயத்தைச் சொல்லிட்டேன். இனிமே யாருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்."

ராசம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, உனக்குத் திங்கோணும்னு தோணவே இல்லியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"தோணுச்சுங்கத்தை" என்றாள் கோகிலா. "நாய்க்கு ஊத்தறப்ப எல்லாம் பாத்துக்கிட்டேதான் நிப்பேன். மாமாவப் பொழைக்க வெச்ச சீட்டு, அதுல நா என்ன சொல்றதுங்க."

ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க, ஒரு வார்த்தைய அளந்து பேசக் கூடாதுங்களா?" என்றார். "பேசியிருக்கணும் ராசம்மா" என்றேன். எழுந்து போய் அவரே சுவரில் இருந்த சீட்டைக் கழற்றினார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்றின் தலைப்பில் பழனிசாமி என்று கொட்டை எழுத்தில் எழுதி, ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லும் வரை இப்போது சாப்பிடுவதையே தொடரச் சொன்னேன். இன்னொன்றில் கோகிலா என்று எழுதினேன். முழு முட்டை, நிலக்கடலை, கீரை, பருப்பு, ராகி, சமையலுக்கு வேண்டிய எண்ணெய். நான் எழுதி முடிப்பதற்குள் ராசம்மாள் இரண்டு முட்டையை வேகவைத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டார். கோகிலா முதலில் மஞ்சள் கருவைத்தான் தின்றாள். பின்வாசலில் நாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அன்று பட்டினிதான்.

கிளம்பும்போது பழனிசாமி தலையைச் சொறிந்தார். "அந்தச் சீட்ட இன்னும் நாலு ஊட்டுக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்திருக்கறமுங்க. நல்லதாச்சேன்னு..." என்றார். அந்த நாலு வீட்டுக்கும் நடந்தேன். ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அங்கேயும் தப்பு என்னுடையது என்று முதலில் இருந்து சொன்னேன். நாலாவது வீட்டில் அதைச் சொல்லும்போது அவ்வளவாக வலிக்கவில்லை. ஒரு பாட்டில் மோர்கூடக் கொடுத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் கரி பூசப் போனதையும் சேர்த்தே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "டீ குடிச்சியா?" என்று கேட்டார், அவ்வளவுதான். கோகிலாவுக்கு இரும்புச் சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்ற ஏற்பாடு செய்தார். அதனால் முட்டைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், மருந்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நாலு வாரமும் நான் படுத்தால் தூக்கம் வராது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சிவப்பு மைக்கு நான் என்ன சமாதானம் சொல்வேன்? வாரா வாரம் அவள் எடை பார்க்க வரும்போது நானே போய்த் தராசுப் பக்கத்தில் நின்றுகொள்வேன். முதல் வாரம் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது வாரம் கொஞ்சம் அசைந்தது. நாலாவது வாரம் ஸ்கேன் எடுத்த அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி, தாளை என் பக்கம் தள்ளினார். "வளந்திருக்கு. சேலம் வேண்டாம், இங்கேயே பாத்துக்கலாம்" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் வேலையில் இரண்டு மூன்று பழக்கங்கள் மாறின. எந்தச் சீட்டிலும் பெயரைப் பெரிதாக எழுதி, இது இவருக்கு மட்டும் என்று எழுதினேன். தேதி போட்டேன். வீட்டில் அடுப்பு ஒன்றா இரண்டா, யார் சமைக்கிறார்கள், யாரெல்லாம் சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் பேனாவை எடுத்ததில்லை. வரிசை நீளமாகத்தான் இருந்தது, என்னைத் திட்டத்தான் செய்தார்கள். சாப்பாட்டுப் பொருள் எதையும் அதன் பிறகு விஷம் என்றோ அமிர்தம் என்றோ சொன்னதில்லை. இப்போது செல்போனில் தினம் ஒருவர் ஒன்றை விஷமாக்கி இன்னொன்றை அமிர்தமாக்குவதைப் பார்க்கும்போது, அந்த வேலையை அவர்களே செய்துகொள்ளட்டும் என்று இருக்கிறது. பழனிசாமிக்கும் பிற்பாடு பரிசோதனை எல்லாம் பார்த்து வாரத்தில் சில நாள் முழு முட்டை சாப்பிட டாக்டர் அனுமதி கொடுத்தார்.

போனில் அழுத பெண்ணுக்கு நான் சொன்னதும் இதுதான். அந்தப் பெரியவரிடம் புத்தகத்துக்காக வக்காலத்து வாங்காதே. போன வருஷம் எங்களுக்குத் தெரிந்தது அது, இந்த வருஷம் தெரிந்தது இது என்று சொல். அவருக்கு எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்பதையும் பிரித்துச் சொல். அவர் கோபப்படட்டும், கோபப்படுகிறவர் திரும்பி வருவார்.

கோகிலாவுக்கு எங்கள் மருத்துவமனையிலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்குப் போகிற அன்று ராசம்மாள் குழந்தையைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார்.

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். தண்ணிகூட வேண்டாம்."

"எம்பட பையனுக்கு நாலு மாசத்துல கஞ்சி ஊட்டச் சொன்னாங்களே நர்ஸம்மா?"

"அப்ப அப்படித்தான் சொன்னோம் ராசம்மா. ஆறு மாசம் பொறுத்தா இன்னும் நல்லதுன்னு இப்பத் தெரியுது."

அவர் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் என் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டியது அந்த நிமிஷம்தான்.

"சரிங்க" என்றார். "இது எத்தன நாளைக்குச் செல்லுங்க?"

மருந்துப் பட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிற மாதிரி கேட்டார், கேலி இல்லை. அத்தனை வருஷ வேலையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆறு மாசத்துக்குச் செல்லும். அப்புறம் வாங்க, அப்ப என்ன தெரியுதோ அதைச் சொல்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலையில் நான் அறையைத் திறக்க வந்தபோது, என் வாசலில் முதல் ஆளாக ராசம்மாள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கொழுகொழுவென்று பேத்தி. பின்னால் கோகிலா. நான் சாவியை நுழைக்கக்கூட விடவில்லை.

"நாளு முடிஞ்சிருச்சுங்க டாக்டரம்மா. அடுத்ததச் சொல்லுங்க."